எல்லாரும் ரூட்

சிஸ்டம்காரிக்கு மூக்கின் மேல் கோபம் என்பது அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிரிண்டரில் தாள் சிக்கினால் கத்துவாள், ஈரக்கையோடு கீபோர்டைத் தொட்டால் கத்துவாள், கத்தி முடித்த ஐந்தாவது நிமிடம் அவளே வந்து சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவாள். அதனால் யாரும் அவளைப் பார்த்துப் பயந்ததில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் அத்தான் அவள் மேசையில் கொண்டுவந்து வைத்த தாளைப் படித்தபோது அவள் கத்தவில்லை. இரண்டாம் முறை படித்தாள். காது மடல் சூடாவது அவளுக்கே தெரிந்தது.

‘ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் ஊழியரின் கவனக்குறைவால் செவ்வாயன்று சர்வரிலிருந்த பரிசோதனை முடிவுகள் அழிந்தன என்பதை, கணினிப் பதிவுகளை ஆராய்ந்து இதன்மூலம் உறுதி செய்கிறேன்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் அவளுடைய பதவி.

"ஒரு கையெழுத்துப் போட்டுரும்மா. மூணு மணிக்கு அந்தம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிரலாம்" என்றார் அத்தான்.

"என்னன்னு?"

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு."

"ஆராய்ந்துன்னு போட்டிருக்கீங்க. நான் இன்னும் ஆராயவே இல்லையே அத்தான்? ரெண்டு நாளா போனதைத் திரும்பக் கொண்டுவர்றதுலயே இருக்கேன்."

"அதுல ஆராய என்ன இருக்கு? நாள் பூரா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிறது யாரு? அந்தம்மா. பின்ன பேய் வந்தா அழிச்சிட்டுப் போச்சு?" சிரித்தார். அவர் சிரிப்பு நல்ல சிரிப்பு. அதை வைத்துத்தான் இத்தனை வருடம் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார்.

அத்தான் என்றால் அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் கணவர். அக்கா டாக்டர், கூடத்தின் உரிமம் அக்கா பேரில், வெளியே போகும் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் அக்காவின் கையெழுத்து. அத்தான் நிர்வாகம். தங்கை கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் எட்டு வருடத்துக்கு முன்பு, ‘வெளியாள் எதுக்கு, நம்ம வீட்டுப் பொண்ணு இருக்கும்போது’ என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்த ‘நம்ம வீட்டு’ என்ற சொல்லை இப்போது நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போனது கொஞ்சமில்லை. செவ்வாய் மதியம் பார்த்தால் முடிவுகள் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை அவள் எடுத்து வைத்திருந்த நகலைக் கொண்டு பழையதையெல்லாம் மீட்டுவிட்டாள். நடுவில் ஐந்து நாள் முடிவுகள் போனது போனதுதான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரையும் ஃபோனில் கூப்பிட்டு, மறுபடி வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த வேலையையும், ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் ரிப்போர்ட்டம்மா தலையில்தான் கட்டியிருந்தார்கள்.

இதெல்லாம் எப்படி நடக்கும் என்று கேட்டால், நடக்காமல் இருந்ததுதான் அதிசயம் என்பாள் சிஸ்டம்காரி. அந்த சர்வரில் ரூட் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் நுழைந்தவரை எந்திரம் எதிர்த்து ஒரு கேள்வி கேட்காது. அழி என்றால் அழிக்கும். மற்ற பெயர்களில் நுழைந்தால் ‘இது உன்னுடையது இல்லை’ என்று தடுக்கும் இடங்களில் எல்லாம் ரூட்டுக்குக் கதவு தானாகத் திறக்கும். அதனால்தான் அந்தப் பாஸ்வேர்டை ஒருவர், மிஞ்சினால் இருவர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். இங்கே அது அத்தான் மகளின் செல்லப் பெயர், பக்கத்தில் அவள் பிறந்த வருடம். கீபோர்டைத் திருப்பினால் அடியில் மார்க்கரில் எழுதியிருக்கும். ஒன்பது பேருக்குத் தெரியும். குடிதண்ணீர் கேன் போடுகிறவர் ஒருநாள் ரிப்போர்ட் அறையில் காத்திருந்தபோது, திரை பூட்டிக்கொண்டதைப் பார்த்து, "பாப்பா பேரைப் போடுங்கம்மா, திறந்துக்கும்" என்றாராம். ரகசியம் அப்படிச் சந்தி சிரித்தது.

அவள் சொல்லாமல் இல்லை. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்துவிடலாம், யாருக்கு எந்த வேலைக்கு அதிகாரம் தேவையோ அந்த வேலைக்கு மட்டும் சூடோ என்கிற அனுமதி வழியாகக் கொடுக்கலாம், யார் எப்போது என்ன செய்தார்கள் என்று அவரவர் பெயரிலேயே பதிவாகும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்த்தாள். கிணற்றில் போட்ட கல்தான். முதல் தடவை அத்தான், "வீட்டுக்குள்ள ஆளுக்கொரு பூட்டா?" என்றார். இரண்டாம் தடவை, "என் பொண்ணு பேரு உனக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டுச் சிரித்தார். மூன்றாம் தடவை சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "இவளுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்ல" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"மூணு மணிக்குள்ள" என்றார் அத்தான்.

ரிப்போர்ட் அறை என்பது ஒரு ஜன்னல், இரண்டு மேசை, மூலையில் சர்வர். முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த இடம்; ஏசி போட்டபிறகும் பினாயில் வாடை போகவில்லை. ரிப்போர்ட்டம்மா காதில் ரிசீவரோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறவர். சிஸ்டம்காரியைவிடப் பத்து வயது மூத்தவர். எதிர்முனையில் இருந்தவரின் சத்தம் வாசல்வரை கேட்டது.

"ஆமாங்க. தப்புதாங்க. இல்லீங்க, உங்க ரத்தத்தை நாங்க வித்தா சாப்பிடப்போறோம்? நாளைக்குக் காலையில வந்தீங்கன்னா வரிசையில நிக்க வைக்காம எடுத்து விடச்சொல்றேன். மன்னிச்சுக்கோங்க." ரிசீவரை வைத்துவிட்டு நோட்டில் ஒரு கோடு அடித்தார். நூற்றிமுப்பத்தொன்று முடிந்திருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கவா?" என்றார், நோட்டைப் பார்த்தபடியே. "சார் பேசற தோரணையைப் பாத்தா என்னைத்தான் சொல்றாருன்னு தெரியுது. நான் அழிக்கல. ஆனா எனக்கே தெரியாம கை எங்கயாவது பட்டிருக்குமா? ரெண்டு நாளா அதையே யோசிச்சிட்டிருக்கேன். பட்டிருந்தா சொல்லிருங்க. நானே ஒத்துக்கிட்டுப் போயிடறேன்."

செய்தவன் எவனோ நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான். செய்யாதவள் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க. யார் கேட்டாலும் எதையும் ஒத்துக்கக் கூடாது. ஒரு மணி நேரம் குடுங்க எனக்கு" என்றாள் சிஸ்டம்காரி. சொன்ன வேகத்தில் ரிப்போர்ட்டம்மா பயந்தே போனார்.

சர்வர் முன் உட்கார்ந்தாள். முதலில் எந்த நிமிடம் அழிந்தது என்று பார்த்தாள். ஒரு பெட்டியிலிருந்து எதையாவது எடுத்தால், கடைசியாகக் கைவைத்த நேரம் அந்தப் பெட்டியின் மேல் விழுந்துவிடும். அந்த டிஸ்க்கை அவள் கழற்றி அப்படியே வைத்திருந்தாள், யாரும் தொடவில்லை. செவ்வாய், பதினொன்று இருபத்துநாலு.

அடுத்து, அந்த நேரத்தில் உள்ளே இருந்தது யார். பதிவை எடுத்தாள். ரூட், ரூட், ரூட், ரூட். பக்கம் பக்கமாக ரூட். பூச்சி மருந்து அடிக்க வந்தவர் நுழைந்திருந்தால்கூட ரூட் என்றுதான் இருந்திருக்கும். பல்லைக் கடித்தாள். ஆனால் பெயர் ஒன்றானாலும் இடம் ஒன்றில்லை. யார் எந்த இருக்கையிலிருந்து வந்தார்கள் என்பதை எந்திரம் குறித்து வைத்திருந்தது. ரிப்போர்ட்டம்மா உட்காருவது சர்வரின் சொந்தத் திரையில். அந்தத் திரையில் நுழைந்த ரூட் பதினொன்று ஆறுக்கு வெளியேறிவிட்டது. மறுபடி நுழைந்தது பன்னிரண்டுக்கு மேல். அந்த ஒரு மணி நேரம் ரிப்போர்ட்டம்மா ரத்தம் எடுக்கும் கவுன்டரில் ஆள் இல்லாததால் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். டோக்கன் நோட்டில் அவர் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறது.

இன்னொரு ரூட் பதினொன்று பன்னிரண்டுக்கு நுழைந்து முப்பத்தொன்றுக்கு வெளியேறியிருந்தது. அந்த நேரத்தில் உள்ளே இருந்தது அது ஒன்றுதான். இருக்கை, நிர்வாகி அறைக் கம்ப்யூட்டர். அந்த அறைக்குச் சாவி அத்தானிடம் மட்டும்தான்.

என்ன தட்டினார் என்பதும் இருந்தது. பார்க்கப் பார்க்க நடந்தது முழுக்கப் புரிந்தது. போன மாதம் பழைய டிஸ்க் நிரம்பியபோது அவள் முடிவுகளையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ஒரு லிங்க் மட்டும் வைத்திருந்தாள். வீடு மாறிப் போனவர் பழைய வாசலில் ‘இங்கே போங்கள்’ என்று பலகை மாட்டிவிட்டுப் போவது போல. பலகை வழியாகப் போனாலும் அதே வீடுதான். அத்தான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார். அதே பட்டியல் இரண்டு இடத்தில் இருக்கிறது, எதற்கு ரெட்டை ரெட்டையாக என்று, இடம் மிச்சம் பிடிக்கிற புத்திசாலித்தனத்தில் ஒன்றை அழித்திருக்கிறார். பலகையை வைத்துக்கொண்டு வீட்டை இடித்துவிட்டார். வேறு பெயரில் நுழைந்திருந்தால் எந்திரம் முடியாது என்றிருக்கும். ரூட் ஆயிற்றே, செய்துவிட்டது.

அவளுக்கு ஒரு நிமிடம் தன்மேலும் கோபம் வந்தது. லிங்க் வைத்ததை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கலாம். யாரும் படிக்க மாட்டார்கள் என்று விட்டது அவள் தப்பு. ஆனால் தப்பு வேறு, தப்பை இன்னொருத்தி தலையில் போட்டு வாசலுக்கு அனுப்புவது வேறு.

பிரிண்ட் எடுக்கும்போதுதான் கீழே இருந்த வரிகள் கண்ணில் பட்டன. நிர்வாகி அறையிலிருந்து வந்த ரூட், நடுநடுவே வேறொரு பெயராக மாறியிருந்தது. டாக்டர் என்ற பெயராக. ரூட்டால் அது முடியும். யாராக வேண்டுமானாலும் மாறலாம், அவர்களுடைய பாஸ்வேர்ட் தேவையே இல்லை. ‘டாக்டர்’ என்ற பெயரில் ரிப்போர்ட்டுக்கு ஒப்புதல் கொடுத்தால் அடியில் அக்காவின் கையெழுத்து தானாக விழும். தேதிகளைப் பார்த்தாள். போன மாதம் பதினாறு, பதினேழு, பதினெட்டு. அந்த மூன்று நாளும் அக்கா கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சலில் படுத்திருந்தாள். மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் இவள்தான்.

மொத்தம் முப்பத்தேழு ரிப்போர்ட்.

அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "வா. அந்தத் தாள் விஷயம்தானே? போட்டுக் குடுத்துடேண்டி. அந்தம்மாவுக்கு வேற லேப்ல நானே சொல்லி வாங்கித் தரேன். நீ ஆறு மணிக்கு உன் வீட்டுக்குப் போயிடுவ. தினம் அவர் மூஞ்சியைப் பாக்கறவ நான்."

"உனக்குத் தெரியுமா அப்போ? அவருதான் அழிச்சாருன்னு?"

அக்கா ஸ்லைடை ஒரு நூலளவு நகர்த்தினாள். அதுவே பதில்.

"நல்லாயிருக்கு. நீயும் கூட்டா?" என்றாள் சிஸ்டம்காரி. "பன்னெண்டு வருஷம் உன் ரிப்போர்ட்டை எழுத்துப் பிசகாம அடிச்சுக் குடுத்தவங்க மூஞ்சியில கரி பூசணும், அதுக்கு என் கையெழுத்து வேணும். பாக்காததைப் பாத்தேன்னு நான் எழுதணும். நீ எழுதுவியாக்கா? ஸ்லைடைப் பாக்காம கையெழுத்துப் போடுவியா?"

"என்னடி பேச்சு இது? ஒருநாளும் போட மாட்டேன்."

"போட்டிருக்க. முப்பத்தேழு." பிரிண்டை மைக்ராஸ்கோப்பின் மேலேயே வைத்தாள்.

அக்கா முதலில் எரிச்சலோடு எடுத்தாள். பிறகு தேதிகளைப் படித்தாள். பிறகு ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தாள். பதினாறாம் தேதியில் விரல் நின்றுவிட்டது.

"அன்னிக்கு எனக்கு நூத்திமூணு ஜுரம்" என்றாள் மெதுவாக.

"எனக்குத் தெரியும்."

"இது எப்படி முடியும்? என் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாதே?"

"தெரியவே வேண்டாம். ரூட்டுக்கு நீயும் ஒண்ணுதான், நானும் ஒண்ணுதான். ரெண்டு வருஷமா தொண்டை கிழியக் கத்தினது இதுக்குத்தான். சாப்பாட்டு மேசையில நீயும் சேர்ந்துதான் சிரிச்ச."

அக்கா எழுந்து கையைக் கழுவினாள். அறுவை சிகிச்சைக்குப் போகிறவளைப் போல முழங்கைவரை கழுவினாள். துடைத்துக்கொண்டு, "மூணு மணின்னு சொன்னாரா? சரி. அந்தம்மாவையும் கூட்டிட்டு வா" என்றாள்.

மூன்று மணிக்கு அத்தான் தன் அறையில் தோரணையாக உட்கார்ந்திருந்தார். தங்கையோடு அக்காவும் நுழைந்ததைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்தார். கடைசியாக ரிப்போர்ட்டம்மா, கைப்பையை மார்போடு அணைத்தபடி. மேசையில் இருந்த தன் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும்கூட எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"கையெழுத்தாச்சா?" என்றார் அத்தான்.

"எந்தக் கையெழுத்தைக் கேக்கறீங்க? என்னுதையா?" என்றாள் அக்கா. பிரிண்டை அவர் முன் வீசினாள்.

அத்தான் முதல் பக்கத்தைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார். "சரி, நான் இடம் காலி பண்ணப் பாத்தேன். ரெண்டு தடவை இருந்துச்சு, ஒண்ணை எடுத்தேன். நல்லதுக்குத்தானே பண்ணேன்? இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய..."

"நல்லதுக்குப் பண்ணவரு, நான்தான் பண்ணேன்னு சொல்லியிருக்கலாமே. அடுத்த பக்கத்தைத் திருப்புங்க."

திருப்பினார். முகம் வெளிறியது. "அது... அவசரப்பட்டவங்களுக்கு மட்டும்தான். டாக்டர் இல்ல, நாளைக்கு வாங்கன்னு எத்தனை பேருக்குச் சொல்றது? எல்லாம் நார்மலா இருந்ததுதான்."

"நார்மல்னு யார் சொன்னது?" அக்காவின் குரல் அதுவரை அந்த அறையில் யாரும் கேட்காத குரல். "ஸ்லைடைப் பாத்தது யாரு? நீங்களா? அதுல ஒருத்தருக்கு ஒண்ணு இருந்து, ஒண்ணுமில்லைன்னு என் கையெழுத்தோட வீட்டுக்கு அனுப்பியிருந்தா? அவங்க நம்பி உக்காந்திருந்தா? இருபது வருஷமா இந்தக் கையெழுத்துக்குத்தான் நான் கண்ணு எரிய எரிய உக்காந்திருக்கேன். அதை நீங்க ரப்பர் ஸ்டாம்பாட்டம் குத்தியிருக்கீங்க. உங்களுக்கு வெக்கமா இல்ல?"

அத்தான் ரிப்போர்ட்டம்மாவைப் பார்த்தார், இவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசலாமே என்ற மாதிரி.

"அவங்க இங்கதான் இருப்பாங்க" என்றாள் சிஸ்டம்காரி. பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தாள். "இதுல கையெழுத்துப் போடறேன் அத்தான். ‘ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் ஊழியரின்’னு இருக்கிற இடத்துல ‘நிர்வாகியின்’னு நீங்களே மாத்திக் குடுங்க. இப்ப ஆராய்ஞ்சுட்டேன்."

நல்ல சிரிப்பு எங்கே போயிற்றோ. பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அக்கா நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மாற்றி எழுதினார். ரிப்போர்ட்டம்மா கைப்பையை அணைத்த கையைத் தளர்த்தவே இல்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் கை இல்லை.

"இன்னும் எத்தனை பேரைக் கூப்பிடணும்?" என்று அக்கா அவரிடம் கேட்டாள்.

"எண்பத்தொண்ணு டாக்டர்."

"நோட்டை சார்கிட்டக் குடுத்துருங்க. மிச்சத்தை அவரு கூப்பிடுவாரு. அழிச்சது நான்தான்னு சொல்லிக் கூப்பிடுவாரு."

அன்றைக்கும் மறுநாளும் நிர்வாகி அறையிலிருந்து, "இல்லீங்க... ஆமாங்க... நான்தாங்க" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா முப்பத்தேழு ஸ்லைடுகளையும் அலமாரியிலிருந்து எடுத்து வரச்சொல்லி, ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு பேரை அவளே ஃபோனில் கூப்பிட்டு வரச்சொன்னாள். அத்தானோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சிஸ்டம்காரி சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தாள். ஒன்பது பேருக்கும் ஒன்பது பெயர், ஒன்பது பாஸ்வேர்ட். ரிப்போர்ட் அடிக்கிறவருக்கு ரிப்போர்ட், கவுன்டருக்கு டோக்கன், அவரவர் வேலைக்கு வேண்டியது மட்டும். தனக்கும் தன் பெயரிலேயே, எது செய்தாலும் பதிவாகும்படி. வெளியறைகளிலிருந்து ரூட் பெயரில் நுழைகிற வழியை மூடினாள். ரூட்டின் புது பாஸ்வேர்டை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாதபடி நீளமாக வைத்து, தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் அக்காவும் அவளும் கையெழுத்துப் போட்டார்கள். உறை ரிப்போர்ட் அறையின் இரும்புப் பெட்டியில். கீபோர்டின் அடியில் இருந்த செல்லப் பெயரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள்.

பெட்டிச் சாவியை ரிப்போர்ட்டம்மாவிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு மேடம் இது? எனக்கு அந்தப் பாஸ்வேர்ட் தெரியவே வேண்டாம்."

"தெரியப்போறதில்ல. உறையை யார் திறந்தாங்கங்கிறது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்" என்றாள். கூடவே ஒரு நீள நோட்டு. மூன்று கட்டம்: பேர், நேரம், எதற்காக.

பத்து நாள் கழித்து ஒரு காலை, அத்தான் ரிப்போர்ட் அறை வாசலில் வந்து நின்றார். சிஸ்டம்காரி உள்ளே பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காத மாதிரியே நின்றார்.

"கொஞ்சம் அந்தச் சாவி வேணுமே" என்றார்.

ரிப்போர்ட்டம்மா எழுந்து நின்றார், எப்போதும் போல. இழுப்பறையைத் திறந்தார். சாவியை எடுத்து மேசையின் தன் பக்கமே வைத்துக்கொண்டார். நோட்டை விரித்து அவர் பக்கம் திருப்பி, மேலே ஒரு பேனாவையும் வைத்தார்.

"எழுதிட்டு எடுத்துக்கோங்க சார்."

அத்தான் பெயரை எழுதினார். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. ஃபோன் அடித்தது. ரிப்போர்ட்டம்மா எடுக்கவில்லை, சாவியின் மேல் கையை வைத்தபடி, அவர் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

அத்தான் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். ரிப்போர்ட்டம்மா சாவியை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அத்தான் எழுதிய வரியை அடிக்காமல் அப்படியே விட்டு, மூன்றாவது கட்டத்தில் தன் குண்டுக் கையெழுத்தில் ‘எடுக்கவில்லை’ என்று எழுதினார். பிறகு ஃபோனை எடுத்தார்.